கேள்வியும் ஓர் இடுபொருளே

ஒரு பயிரைச் சாகுபடி செய்ய விதை, எரு, உரம், நீர், ஆள், பயிர்ப் பாதுகாப்பு மருந்து எனப் பல இடுபொருட்கள் தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை நீங்கள் கணக்கு நோட்டில் குறித்து வைக்கிறீர்கள். ஆனால் எந்தக் கணக்கிலும் ஏறாத இடுபொருள் ஒன்று உண்டு. அதற்கு விலை கிடையாது. அதைக் கடனுக்கு வாங்க வேண்டியதில்லை. ஆனால் விதையைப் போலவே அதற்கும் பருவம் உண்டு. பருவம் தவறினால் பலன் இல்லை. உரிய காலத்தில் கேட்கப்படும் கேள்வியே அந்த இடுபொருளாகும்.

தமிழில் 'கேள்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேட்பதுதான், பிறர் சொல்வதைச் செவியில் வாங்குவதும் கேட்பதுதான். திருக்குறளில் 42ஆம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அங்கே அச்சொல், அறிந்தவர் சொல்வதைச் செவிவழி அறிந்துகொள்வதையே குறிக்கிறது. வயலிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். தெரியாததை நாம் தயங்காமல் வினவ வேண்டும். நம்மிடம் ஒருவர் வினவினால் முகம் சுளிக்காமல் செவி கொடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இழப்பு எவ்வாறு நேருகிறது, அதை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இங்குக் காண்போம்.

ஊருக்கு ஊர் கேள்வி வேறு

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வெள்ளாற்று நீர் வாய்க்கால் வழியாகக் கீழ்ச்செருவாயில் உள்ள வெலிங்டன் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அதன் பாசனத்தில் நெல் விளைகிறது. பாசனம் எட்டாத மேட்டுப் பகுதிகளில் மழையை நம்பி மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடப்படுகின்றன. சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே நிலம் மாறுகிறது, நீர் மாறுகிறது, பயிரும் மாறுகிறது.

ஆகவே ஒருவருக்குக் கிடைத்த விடை மற்றவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஏரிப் பாசனக்காரர் நாற்று விடுமுன் கேட்க வேண்டியவை: இவ்வாண்டு ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது? மடை எப்போது திறக்கப்படும்? எத்தனை நாட்களுக்குத் தண்ணீர் கிடைக்கும்? அதற்கேற்ற வயதுள்ள இரகம் எது? மானாவாரி உழவர் கேட்க வேண்டியது வேறு: பெய்த மழையின் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? இந்த ஈரத்தில் விதைத்தால் முளைப்பு தாங்குமா? அடுத்த மழைக்குக் காத்திருக்கலாமா?

"பக்கத்து வயல்காரர் நாற்று விட்டுவிட்டார், நானும் விட்டேன்" என்று சொல்பவர் பலர். பக்கத்து வயல்காரருக்குக் கிணறு இருக்கலாம். நமக்கு இல்லாமல் இருக்கலாம். அவரைப் பார்த்துச் செய்வது எளிது. அவரிடம் "என்ன கணக்கில் விட்டீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்பது அதைவிட நன்று.

பழைய புழுவா, புதிய புழுவா?

கேட்கத் தவறினால் மகசூல் எவ்வாறு பறிபோகும் என்பதற்கு மக்காச்சோளப் படைப்புழு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்புழு 2016ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடக மாநிலம் சிவமொக்காவில் மக்காச்சோள வயலில் இப்புழுவைக் கண்ட பூச்சியியல் அறிஞர்கள், இது வழக்கமாகக் காணும் புழுதானா என்று ஐயுற்று ஆராய்ந்தனர். இந்தியாவுக்குள் புதிய பூச்சி நுழைந்துவிட்டது என்பது அதன்மூலம் உறுதியாயிற்று. அதே ஆண்டிலேயே தமிழ்நாட்டின் மக்காச்சோளப் பகுதிகளிலும் அது பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது.

மக்காச்சோளத்தில் தண்டுத்துளைப்பான் நமக்குப் பழக்கமானது. குருத்தில் ஓட்டையைக் கண்டவுடன் "அதே புழுதான்" என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் படைப்புழுவின் பழக்கம் வேறு. அது குருத்துக்குள் புகுந்துகொண்டு, மரத்தூள் போன்ற தன் கழிவாலேயே வாயிலை அடைத்துக்கொள்கிறது. மேலோட்டமாகத் தெளிக்கும் மருந்து அதன்மேல் படுவதில்லை. வளர்ந்த புழு எளிதில் சாவதுமில்லை. ஆகவே இரண்டு முறை, மூன்று முறை எனத் தெளித்துக் கைப்பணம் கரைந்த பின்னும் புழு அப்படியே இருக்கும்.

இந்நிலையில் முதலில் எழ வேண்டிய கேள்வி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதன்று, "இது என்ன புழு?" என்பதே. விடை புழுவின் உடலிலேயே இருக்கிறது. படைப்புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற வெண்ணிறக் கோடு தெரியும். உடலின் பின்பகுதியில், கடைசிக் கணுவுக்கு முந்திய ஒரு கணுவில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இவ்விரண்டையும் கண்டால் அது படைப்புழுதான்.

புழு இன்னதென்று தெரிந்துவிட்டால் அடுத்த வேலைகள் தாமே வரிசைப்படும். விதைக்குமுன் ஆழ உழுது கூட்டுப்புழுக்களை வெயிலில் காய விடுதல், விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், முட்டைக் குவியல்களைப் பொறுக்கி அழித்தல், புழு சிறியதாக இருக்கும்போதே பரிந்துரைக்கப்பட்ட மருந்தைக் குருத்துக்குள் இறங்குமாறு தெளித்தல் ஆகியவை அவை. ஒரு கேள்வி தள்ளிப்போனால் இத்தனை வேலைகளும் தள்ளிப்போகும்.

உயிரோடு விளையாடும் மௌனம்

மகசூல் போனால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். உயிருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் நச்சு தாக்கி நூற்றுக்கணக்கில் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் திட்டக்குடிக்கு அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் சிலர் உயிரிழந்தனர்.

ஆளுயரம் வளர்ந்த பருத்தியில் மருந்தைத் தலைக்கு மேல் நோக்கித் தெளிக்க வேண்டியிருக்கும். அப்போது மருந்துத் துளிகள் முகத்திலும் மார்பிலும் விழுகின்றன. மூச்சோடு உள்ளே போகின்றன. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலப்பதும், முகமூடியும் கையுறையும் இன்றித் தெளிப்பதும், காற்றுக்கு எதிரே நடப்பதும் ஆபத்தைப் பன்மடங்கு ஆக்குகின்றன.

"இவ்விரண்டையும் கலக்கலாமா? இது எவ்வளவு கொடிய நஞ்சு? இவ்வளவு உயரமான பயிருக்கு அடிக்கலாமா? தலை சுற்றினால் என்ன செய்வது?" என்ற நான்கு கேள்விகளும் வேலை தொடங்குமுன் கேட்கப்பட வேண்டியவை. மருந்து வாங்குபவர் ஒருவர், கலப்பவர் ஒருவர், அடிப்பவர் மற்றொருவர் என்று இருக்கும்போது ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடுவது இயல்பாக நேருகிறது. இந்த மௌனத்தை நம் வயலில் அனுமதிக்கக் கூடாது.

நோயே இல்லாத நோய்

சரியான கேள்வி எவ்வளவு பெரிய பயனைத் தரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1960களில் இமயமலை அடிவாரத்தில் உள்ள தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்தாற்போல் பழுப்பாகிப் பயிர் குட்டையாக நின்றுவிட்டது. அங்குள்ள மக்கள் அதைக் 'கைரா நோய்' என்றனர். நோய் என்று பெயர் வைத்தால் கிருமியைத் தேடத்தானே தோன்றும்? பந்த்நகர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் அறிஞர் ஒய்.எல். நேனே, இது கிருமியால் வரும் நோய் அன்று, துத்தநாகச் சத்துக் குறைவு என்று 1960களின் நடுவில் கண்டறிந்தார். துத்தநாக சல்பேட் கொடுத்ததும் பயிர் தேறியது.

இன்று தமிழ்நாட்டில் நடவு வயலுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து இடப் பரிந்துரைக்கப்படுகிறது. "இது என்ன நோய்?" என்று மட்டும் கேட்டிருந்தால் மருந்து தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள். "இது நோய்தானா?" என்று கேட்டதால் விடை கிடைத்தது.

நாம் ஏன் கேட்பதில்லை?

உழவர்கள் கேள்வி கேட்கத் தயங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, கௌரவம். "முப்பது வருடமாக விவசாயம் செய்கிறவன், இதைப் போய்க் கேட்பதா?" என்ற எண்ணம் வருகிறது. முப்பது ஆண்டு அனுபவம் பழைய பூச்சிக்கும் பழைய இரகத்திற்கும் உதவும். நேற்று வந்த பூச்சிக்கு எல்லோரும் புதியவர்களே.

இரண்டாவது, அலுவலகத்தைக் கண்டு கூச்சம். மேசைக்கு அப்பால் இருப்பவர் அவசரமாகப் பேசினால், கேட்க வந்ததை மறந்து தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

மூன்றாவது, கடன். மருந்துக் கடையில் பாக்கி நிற்கும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை "இது எதற்கு?" என்று கேட்க நா எழுவதில்லை. பாக்கி வைத்திருப்பது பணத்துக்குத்தான். கேட்கும் உரிமைக்கு அன்று.

நான்காவது, கேட்க வேண்டியவர் கேட்கும் இடத்தில் இல்லாமை. களை எடுப்பவர், நாற்று நடுபவர், பயிரை அருகிருந்து நாள்தோறும் பார்ப்பவர் பெரும்பாலும் பெண்களே. கூட்டத்துக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர் ஆண்கள். இலையின் அடிப்பக்கத்தில் பூச்சியைக் கண்டவர் வீட்டில் இருக்க, காணாதவர் போய்க் கேட்டால் விடை எப்படிச் சரியாக வரும்? ஆகவே கூட்டத்துக்குப் புறப்படுமுன் வீட்டிலும் வயலிலும் "நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன கேட்க வேண்டும்?" என்று விசாரித்துச் செல்லுங்கள். பெண்களையும் உடன் அழைத்துச் செல்வது அதனினும் நன்று.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் ஊர்ப் பழமொழி. பயிர் தனக்காகப் பேசாது. அதற்கு வாயாக இருக்க வேண்டியவர் உழவரே.

எப்படிக் கேட்க வேண்டும்?

"பயிர் மஞ்சளாக இருக்கிறது, என்ன அடிக்கலாம்?" என்ற கேள்விக்கு எவராலும் சரியான விடை கூற இயலாது. மஞ்சள் நிறத்துக்குக் காரணங்கள் பல. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் காணப்பட்டால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நெல்லில் இலை நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிப் பயிரும் குட்டையாக இருந்து, பச்சைத் தத்துப்பூச்சியும் காணப்பட்டால் துங்ரோ நோயாக இருக்கலாம். நீர் வடியாமல் நின்றாலும் பயிர் மஞ்சளாகும். காரணம் தெரியாமல் அடிக்கும் மருந்து வீண் செலவே.

ஆகவே கேட்கப் போகுமுன் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. பயிர், இரகம், விதைத்த அல்லது நட்ட தேதி.

2. இதுவரை இட்ட எரு, உரம் ஆகியவற்றின் அளவும் நாளும்.

3. ஏற்கெனவே தெளித்த மருந்தின் பெயர். காலி டப்பா இருந்தால் மூடி இறுக்கிப் பையில் எடுத்துச் செல்லவும்.

4. பாதிப்பு வயல் முழுவதும் உள்ளதா, திட்டுத் திட்டாக உள்ளதா, வரப்போரம் மட்டும் உள்ளதா?

5. முதலில் எந்த இலையில் தொடங்கியது? எத்தனை நாட்களாக உள்ளது?

6. கடைசியாக நீர் பாய்ச்சிய அல்லது மழை பெய்த நாள்.

இவற்றோடு, பாதிக்கப்பட்ட செடி ஒன்றை வேருடன் பிடுங்கி, நல்ல செடி ஒன்றையும் பிடுங்கி, இரண்டையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லவும். ஈரமான பிளாஸ்டிக் பையில் போட்டால் செடி அழுகி அடையாளம் மறைந்துவிடும். ஓர் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போவதால் பயன் குறைவு. பல கோளாறுகள் வேரில் தொடங்குகின்றன.

விடை கிடைத்த பின் மேலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது சரியாகிறது என்பதை எத்தனை நாளில், எதைக் கொண்டு தெரிந்துகொள்வது?" இக்கேள்வியைக் கேட்டவர், பலன் தெரியுமுன் அவசரப்பட்டு அடுத்த மருந்துக்குப் போக மாட்டார்.

கடையில் கேட்க வேண்டியவை

விதை, மருந்துக் கடைகளில் பின்வரும் கேள்விகளைக் கேட்பது உங்கள் உரிமை:

1. "அண்ணே, இது எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்குச் சிபாரிசு?" அது சிட்டையில் அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்க்கவும்.

2. நச்சுத்தன்மை எவ்வளவு? மருந்து டப்பாவில் உள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி நிறம் இதைக் காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சுதான் என்பதை மறக்கக் கூடாது.

3. ஒரு டேங்குக்கு எவ்வளவு? ஏக்கருக்கு எத்தனை டேங்கு?

4. வேறு மருந்துடனோ இலைவழி உரத்துடனோ கலக்கலாமா? உறுதியான விடை இல்லையெனில் கலக்கவே கூடாது.

5. தெளித்த எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம்? காய்கறிக்கும் கீரைக்கும் இது மிக முக்கியம்.

6. காலாவதித் தேதி என்ன?

7. விதை வாங்கும்போது சான்று அட்டை உள்ளதா? சான்று பெற்ற விதைக்கு நீல நிற அட்டை இருக்கும்.

8. ரசீது தருவீர்களா? ரசீது இல்லையெனில் பின்னால் முறையிட வழி இல்லை.

மருந்தடிப்பவருக்கு மயக்கம், வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் ஏற்பட்டால் உடனே வேலையை நிறுத்தி, நஞ்சு பட்ட உடையைக் களைந்து, சோப்புப் போட்டு உடலைக் கழுவி, 108 ஊர்தியை அழைக்கவும். மருத்துவமனையில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மருந்து?" என்பதாகவே இருக்கும். அதற்கு விடை டப்பாவில் உள்ள சிட்டைதான். ஆகவே டப்பாவைக் கையோடு கொண்டு செல்லவும்.

கேட்பவரை வரவேற்போம்

இதுவரை நாம் கேட்பதைப் பற்றிப் பார்த்தோம். நம்மிடம் கேட்பவரைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியும் நடவுக்கும் மருந்தடிப்புக்கும் அறுவடைக்கும் ஆள் வைக்கிறார். அந்நாளில் அவரும் ஒரு முதலாளியே.

மருந்தடிக்க வந்தவர், "ஏங்க, காத்து எதிர்ல வருதே, இப்ப அடிக்கலாமா?" என்று கேட்கிறார். "வந்த வேலையைப் பாருப்பா" என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை டேங்கு ஒழுகினாலும் அவர் சொல்ல மாட்டார். நடவு நடும் அம்மாள், "நாத்து முத்திப்போச்சே, குத்துக்கு எத்தனை வைக்கறது?" என்று கேட்கிறார். அது வேலையைத் தள்ளிப்போடும் பேச்சன்று. மகசூலைக் காக்கும் பேச்சு. முற்றிய நாற்றுத் தூர் குறைவாகவே கட்டும் என்பதால், குத்துக்கு நாற்றின் எண்ணிக்கையைக் கூட்டி நெருக்கி நட வேண்டும். அக்கேள்வி எழாவிட்டால் வழக்கம்போல் நட்டுவிட்டுப் போவார்கள். குறைந்த தூர்களோடு நிற்கும் வயலைப் பிறகு நாம்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் கேட்பார்கள். "அப்பா, போன வாரம் அடிச்சதையே இப்பவும் ஏன் அடிக்கிறீங்க?" என்ற கேள்விக்கு நம்மிடம் நல்ல விடை இருந்தால் சொல்லலாம். இல்லையெனில், நாமும் போய்க் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பூச்சி அதைத் தாங்கும் தன்மையைப் பெறுகிறது.

கேள்வியை வரவேற்கச் சில எளிய பழக்கங்கள் போதும்:

1. வேலை தொடங்குமுன், "ஏதாவது கேட்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

2. கேட்டவரை மற்றவர் முன் கேலி செய்யாதீர்கள்.

3. விடை தெரியாவிட்டால் "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று கூறுங்கள். கூறியபடி கேட்டும் சொல்லுங்கள்.

4. ஒருவர் கேட்டதால் நன்மை விளைந்தால், அதை அவர் பெயர் சொல்லி நாலு பேர் முன் கூறுங்கள்.

5. ஆபத்தான வேலையில் ஐயம் என்று எவர் சொன்னாலும் வேலையை நிறுத்துங்கள். அரை நாள் கூலியைவிட உயிர் பெரிது.

கேள்வி மேலே போன வரலாறு

உழவரின் கேள்விக்கு மதிப்பளிக்கும் முயற்சிகள் நம் நாட்டில் நெடுநாளாக நடந்து வருகின்றன. 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, புனேயைச் சுற்றிய பகுதிகளில் 150 கிராமங்களில் வானொலிக் கேட்போர் குழுக்களை அமைத்துச் சோதனை நடத்தியது. யுனெஸ்கோ அதற்குத் துணை நின்றது. நிகழ்ச்சியைக் கேட்டு முடித்ததும் குழுவினர் தமக்குள் விவாதித்து, எழுந்த கேள்விகளை வானொலி நிலையத்துக்கு அனுப்பினர். அவற்றுக்குப் பின்வரும் நிகழ்ச்சிகளில் விடை அளிக்கப்பட்டது. நம் மாநிலத்திலும் 1960களில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியாக உழவர்களை எட்டியதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கியது.

பின்னர் 1974இல் இராஜஸ்தானின் சம்பல் பாசனப் பகுதியில் தொடங்கிய பயிற்சியும் பார்வையிடலும் திட்டம், 1980களில் தமிழ்நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது. விரிவாக்கப் பணியாளர் குறித்த நாளில் குறித்த ஊருக்கு வருவார். உழவரின் வயல் பிரச்சினைகள் மாதாந்திரக் கூட்டத்தில் விஞ்ஞானிகளிடம் வைக்கப்படும் என்பது அதன் அமைப்பு. மேலிருந்து கீழே செய்தி வந்த அளவுக்குக் கீழிருந்து மேலே கேள்வி போகவில்லை என்பது அதன்மீது கூறப்பட்ட குறை. ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது; கேட்பவர் கேட்கவும், பெறுபவர் பெறவும் மனம் வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் சூறையாடியது. கண்டபடி மருந்தடித்ததால் அதை உண்ணும் சிலந்திகளும் அழிந்து புகையான் பெருகியதை அறிந்து, 1986இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிகொல்லி மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989இல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. உழவர் ஒரு பூச்சியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பயிற்றுநர் உடனே பெயர் சொல்லிவிட மாட்டார். "எங்கே பார்த்தீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது? பயிரைத் தின்றதா, வேறு பூச்சியைத் தின்றதா?" என்று திருப்பிக் கேட்பார். விடையை உழவரே கண்டறிவார். அவ்வாறு கண்டது மறப்பதில்லை. இத்தகைய பண்ணைப் பள்ளிகள் நம் மாநிலத்திலும் நடத்தப்படுகின்றன. வாய்ப்புள்ளவர்கள் தவறாது பங்குபெற வேண்டும்.

எங்கே கேட்கலாம்?

ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரையும் வேளாண்மை அலுவலரையும் அணுகலாம். திட்டக்குடிப் பகுதி உழவர்களுக்கு விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. பாலூரிலும் கடலூரிலும் ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. நேரில் செல்ல இயலாதவர்கள் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கட்டணமின்றிக் கேட்கலாம். இச்சேவை 2004ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது.

பாசன நீர் பற்றிய ஐயங்களை உங்கள் பாசன சபையிலும் நீர்வளத்துறை அலுவலரிடமும் கேட்கலாம். ஊரில் பத்துப் பேர் ஒரே ஐயத்தில் இருந்தால் ஒன்றுசேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தனி ஒருவரின் கேள்வியைவிட அதற்கு வலு அதிகம்.

உழவர் பெருமக்களே! வரும் பருவத்தில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கேள்விகளுக்கென ஒதுக்குங்கள். வயலில் நடக்கும்போது மனத்தில் எழும் ஐயம், வேலை ஆட்கள் கேட்டது, வீட்டில் உள்ளவர்கள் சொன்னது ஆகியவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள். பக்கத்தில் விடையையும், யாரிடம் எந்நாளில் கேட்டது என்பதையும் எழுதுங்கள். விதை வாங்குமுன் ஒரு முறை, மருந்து வாங்குமுன் ஒரு முறை அப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். விடை எழுதாமல் வெற்றிடமாக நிற்கும் கேள்வி ஏதேனும் இருந்தால், அதைக் கேட்டுத் தெளிந்த பின்னரே பணத்தை வெளியே எடுங்கள்.